முதலில் எந்தக் கட்டில்? வடசென்னை வார்டுக்குப் புதிதாக வரும் செவிலியருக்கு ஒரு வழிகாட்டி

இரவு டியூட்டிக்கு வந்து கைப்பையை வைப்பதற்குள் நான்கு பக்கமிருந்தும் கூப்பிடுவார்கள். ஒருவருக்கு ட்ரிப்ஸ் முடிந்து குழாயில் ரத்தம் ஏறியிருக்கும்; இன்னொருவருடைய மகள் அப்பாவுக்குக் கஞ்சி கொடுக்கலாமா என்று கேட்டபடி நிற்பார்; அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர் வலியில் கத்துவார்; ரத்த வங்கியிலிருந்து வந்த பை மேசையில் காத்திருக்கும்; மூலைக் கட்டிலில் ஒரு பெரியவர் யாரையும் கூப்பிடாமல் தூங்கிக்கொண்டிருப்பார். கல்லூரியில் ஒரே ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு மதிப்பிடுதல், கண்டறிதல், திட்டமிடுதல், செய்தல், சரிபார்த்தல் என்று ஐந்து கட்டங்களாகப் பக்கம் பக்கமாக எழுதிப் பழகிய நமக்கு, இத்தனை பேர் ஒரே நேரத்தில் காத்திருக்கும்போது கால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது வார்டுக்குள் வந்த பிறகுதான் புரியத் தொடங்குகிறது.

ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர், திருவொற்றியூர், மணலி வட்டாரத்து மருத்துவமனைகளில், பெரும்பாலும் வேறு மாவட்டங்களிலிருந்து வந்து, பணியேற்கும் ஸ்டாஃப் நர்ஸ்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான். கேஸ் ஷீட்டில் உள்ள நோயின் பெயரை வைத்து வரிசை போடாதீர்கள்; சற்று முன்பு அவர் எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்ற வேறுபாட்டை வைத்து வரிசை போடுங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதற்கும், கண்டுபிடித்ததை வைத்து நடப்பதற்கும் உரியவை.

முதல் படி: ஹேண்டிங் ஓவரைக் கட்டிலருகே வாங்குங்கள்

மேசையில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டி வாங்கும் பொறுப்பு பாதிப் பொறுப்புதான். முந்தைய டியூட்டி சிஸ்டருக்குப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய அவசரம் இருக்கும் என்பது உண்மை. ஆனாலும் மோசமான நிலையில் இருப்பவர்கள், இன்று அறுவை சிகிச்சை முடிந்தவர்கள், ஆக்சிஜனில் இருப்பவர்கள், ரத்தம் ஏறிக்கொண்டிருப்பவர்கள் ஆகியோரின் கட்டில்களுக்காவது அவரையும் அழைத்துக்கொண்டு நடந்து விடுங்கள். “சிக்கா, ஸ்டேபிளா?” என்று கேட்டால் “எல்லாம் ஸ்டேபிள்” என்றே விடை வரும். அதற்குப் பதிலாக, “உங்க டியூட்டியில இவருக்கு என்ன மாறிச்சு சிஸ்டர்?” என்று கேளுங்கள். காலையில் எழுந்து உட்கார்ந்து பேசினவர் மதியத்திலிருந்து படுத்தே இருக்கிறார் என்பது போன்ற செய்திகள் இந்தக் கேள்விக்குத்தான் வெளியே வரும். எந்தப் பரிசோதனையின் முடிவு வர வேண்டியிருக்கிறது, எந்த மருந்து இன்னும் கொடுக்கப்படவில்லை என்பதையும் கேட்டு, சட்டைப் பையில் மடித்து வைக்கும் ஒரு தாளில் கட்டில் எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள்.

நோயாளி முன்பு எப்படி இருந்தார் என்பதை அறிய, அவர் முன்பு எங்கே பார்த்துக்கொண்டார் என்பதும் தெரிய வேண்டும். “கஞ்சித்தொட்டியில பாத்துக்கினேன்” என்று ஒரு பாட்டி சொன்னால் விழிக்காதீர்கள்; அது ஸ்டான்லி. 1782-ல் பஞ்ச காலத்தில் மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றிய இடத்திலிருந்து வளர்ந்த மருத்துவமனை என்பதால், இந்தப் பகுதியின் மூத்தவர்கள் வாயில் அந்தப் பெயர் இன்னும் தங்கியிருக்கிறது. “ஆர்.எஸ்.ஆர்.எம்.” என்றால் ராயபுரத்து மகப்பேறு மருத்துவமனை. பழைய சீட்டு பிளாஸ்டிக் பையில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். கேட்டு வாங்கிப் பாருங்கள். சிறுநீரகம் சென்ற மாதம் எப்படி இருந்தது, பீபீ வழக்கமாக எவ்வளவு என்பவை அந்தச் சீட்டில்தான் இருக்கும்.

இரண்டாம் படி: கையில் வேலை எடுக்காமல் ஒரு சுற்று

பொறுப்பேற்றவுடன் எல்லாக் கட்டில்களையும் ஒருமுறை சுற்றி வாருங்கள். இந்தச் சுற்றில் ட்ரிப்ஸ் மாற்றுவது, விரிப்பு சரிசெய்வது போன்ற வேலைகளில் இறங்கினால் பத்தாவது கட்டிலோடு நின்றுவிடுவீர்கள். மூச்சு, ரத்தப்போக்கு, நினைவு ஆகியவற்றில் ஆபத்து கண்டால் மட்டும் நில்லுங்கள்.

பார்க்க வேண்டியவை பெரிய கருவிகள் கேட்பவை அல்ல. பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். ஒரு முழு வாக்கியம் மூச்சு விடாமல் பேசுகிறாரா என்று கேளுங்கள். மணிக்கட்டைப் பிடியுங்கள், கை சில்லென்று வியர்த்திருக்கிறதா, நாடி எப்படி ஓடுகிறது என்பது தெரியும். நாடி பார்க்கும் பாவனையிலேயே நெஞ்சைப் பார்த்து மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளி தானறியாமல் மூச்சை மாற்றிக்கொள்வார். வார்டு முழுவதும் எல்லோருக்கும் மூச்சு எண்ணிக்கை 20 என்று எழுதப்பட்ட சார்ட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முப்பது பேர் ஒரே தாளத்தில் மூச்சு விடுவதில்லை. உடல்நிலை சரியத் தொடங்கும்போது பீபீ குறைவதற்குப் பல மணி நேரம் முன்பே மூச்சு வேகமெடுப்பது வழக்கம் என்பதால், எண்ணாமல் எழுதிய அந்த 20 நம் கையில் இருந்த முதல் எச்சரிக்கையை நாமே அழித்ததற்குச் சமம்.

சிறுநீர்ப் பையையும் பாருங்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு மணிக்குக் குறைந்தது 30 மில்லி சிறுநீர் வர வேண்டும். மூன்று மணி நேரமாகப் பையின் அளவு அதே கோட்டில் நின்றால், முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மடங்கவில்லை என்றால் அது சொல்லியே ஆக வேண்டிய செய்தி. மழைவெள்ளம் தேங்கிய வாரங்களுக்குப் பிறகு வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கத்திலிருந்து காய்ச்சலும் கெண்டைக்கால் வலியுமாக வருபவருக்கு, சிறுநீரகத்தையும் தாக்கும் எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று மருத்துவர் ஐயப்படும்போது, இந்தப் பை நமக்கு இரட்டிப்பு முக்கியம்.

சுற்றின் முடிவில் சளியை உறிஞ்சும் சக்‌ஷன் இயங்குகிறதா, ஆக்சிஜன் சிலிண்டரில் அழுத்தம் இருக்கிறதா, எமர்ஜென்சி ட்ரேயில் மருந்து இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி: வரிசை போடுதல்

மூச்சுப் பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், அதன்பின் நினைவு நிலை என்ற வரிசை எல்லோருக்கும் மனப்பாடம். இரண்டு பேரில் ஒருவருக்கு மூச்சுப் பாதை அடைத்திருக்கிறது, இன்னொருவருக்குக் கால் வலிக்கிறது என்றால் விடை தானே வரும். வார்டு அவ்வளவு எளிதாகக் கேள்வி கேட்பதில்லை. ஆகவே ஓர் இரவை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

இரவு எட்டரை மணி. ஒரு கட்டிலில் குடலிறக்க அறுவை சிகிச்சை முடிந்தவர் வலியில் கத்துகிறார். அடுத்ததில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுள்ள ஒருவர். ஆக்சிஜன் சாட்சுரேஷன் (ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவு) 90 காட்டுகிறது, உறவினர் பதறுகிறார். மூன்றாவதில் சர்க்கரை நோயுள்ள பெரியவர். ஏழரைக்கு இன்சுலின் போட்டாயிற்று, தூங்குகிறார், சாப்பாடு கட்டிலடியில் டிபன் கேரியரிலேயே இருக்கிறது. நான்காவதில் காசிமேட்டு மீனவர் ஒருவர். டெங்குக் காய்ச்சலின் ஐந்தாம் நாள், இன்று காய்ச்சல் விட்டுவிட்டது, வயிறு மட்டும் வலிக்கிறதாம், எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று அவருடைய மனைவி கேட்கிறார்.

நான் முதலில் போவது தூங்கும் பெரியவரிடம். தட்டி எழுப்பி, பெயர் கேட்டு, விரலில் குத்திச் சுகர் பார்க்க ஒரு நிமிடம் போதும். ஆனால் அந்த ஒரு நிமிடத்தைத் தள்ளிப்போட்டால் மூளைக்கு நேரும் கேடு திரும்பாததாகிவிடலாம். 70-க்குக் கீழே இருந்து, விழுங்கும் அளவுக்கு நினைவும் இருந்தால், 15 கிராம் அளவுக்குச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். எழுப்பினால் குழறுகிறார், விழுங்கத் தெரியவில்லை என்றால் வாய்வழி ஒரு சொட்டும் கூடாது. வார்டில் உள்ள நிலையான ஆணைப்படி சிரை வழியாக டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) போக வேண்டும், மருத்துவரும் வர வேண்டும். உறவினர்களைக் கூடவே கூப்பிட்டுச் சொல்லி வையுங்கள்: வீட்டுச் சாப்பாடு வந்து, கண்ணால் பார்த்த பிறகுதான் உணவுக்கு முந்தைய இன்சுலின். பேருந்து நெரிசலில் சாப்பாடு தாமதமாகும் என்பது இன்சுலினுக்குத் தெரியாது.

அடுத்து மீனவர். இங்கேதான் நான் ஒரு தவறு செய்தவள். பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், ஒரு மருத்துவமனையில், இதே போன்ற ஒருவருக்குக் காய்ச்சல் இறங்கியதைக் கண்டு மகிழ்ந்து, பீபீ 100/80 என்று எழுதிவிட்டு, சத்தம் வந்த கட்டிலுக்குப் போய்விட்டேன். நள்ளிரவில் அவர் கை கால் சில்லிட்டுக் கிடந்தார். மூத்த சிஸ்டர் ஒருவர் தற்செயலாக அந்தப் பக்கம் வந்ததால் பிழைத்தார். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்தான கட்டத்தின் தொடக்கம். ரத்தக் குழாய்களிலிருந்து நீர்ச்சத்து கசிவது அப்போதுதான் உச்சத்துக்குப் போகும். 100/80 என்பதில் மேல் எண்ணை மட்டும் பார்த்தால் பரவாயில்லை என்று தோன்றும்; இரண்டுக்கும் உள்ள இடைவெளி வெறும் 20 என்பதைப் பார்த்திருந்தால், அது அதிர்ச்சி நிலையின் அடையாளம் என்று தெரிந்திருக்கும். விடாத வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து கிடப்பது, தட்டணுக்கள் குறையும்போதே ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுவது ஆகியவை எல்லாம் மருத்துவரை உடனே கூப்பிட வேண்டிய எச்சரிக்கைகள்.

பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் வெளியிட்டு 2017-ல் திருத்திய ‘நியூஸ்’ மதிப்பெண் முறையை இப்போது பலர் கற்றுத் தருகிறார்கள். மூச்சு எண்ணிக்கை, சாட்சுரேஷன், ஆக்சிஜன் தேவை, மேல் பீபீ, நாடி, நினைவு, வெப்பநிலை ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்ட வேண்டும். 5 வந்தால் மருத்துவர் விரைந்து பார்க்க வேண்டும், 7 வந்தால் அவசரநிலை. நல்ல முறைதான். ஆனால் அந்த மீனவருக்கும் பீபீ 100/80 என்றே வைத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள்: மேல் பீபீ 100-க்கு 2, நாடி 104 என்றால் 1, மூச்சு 20, வெப்பநிலை 37, சாட்சுரேஷன் 98 எல்லாவற்றுக்கும் சுழியம். மொத்தம் 3, அதாவது ‘குறைந்த ஆபத்து’. மதிப்பெண் நம் கண்ணுக்குத் தப்பியதைப் பிடித்துக் கொடுக்கும். நம் கண் பிடித்ததை மறுக்கும் உரிமை அதற்கு இல்லை.

மூச்சு நோயாளியின் 90 என்ற எண் பார்க்கப் பயமாக இருந்தாலும், நாள்பட்ட அடைப்பு நோயில் கரியமில வாயு தேங்கும் ஆபத்துள்ளவர்களுக்கு 88 முதல் 92 வரைதான் இலக்கு. நேற்றும் அவர் 90-ல் இருந்தார், இன்றும் முழு வாக்கியம் பேசுகிறார் என்றால் ஆக்சிஜனைத் திருகி ஏற்றுவது உதவி ஆகாது. உறவினர்கள் ஏற்றிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அதே 90, இதுவரை நுரையீரல் நோயே இல்லாத ஒருவருக்கு வந்தால் கதை முற்றிலும் வேறு. விரல் குளிர்ந்திருந்தாலோ, நகத்தில் மருதாணியோ பாலிஷோ இருந்தாலோ கருவி தவறாகக் காட்டக்கூடும். வேறு விரலில் மாட்டிப் பாருங்கள். கருத்த தோலில் கருவி உண்மையைவிடச் சற்று கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதும் ஆய்வில் தெரிந்திருக்கிறது. நம் ஊரில் இது நினைவில் இருக்க வேண்டிய செய்தி.

கத்துபவரைக் கடைசியில் வைத்தேன் என்பதால் அவர் வலியை அலட்சியம் செய்வதாக எண்ண வேண்டாம். போகிற வழியில் நின்று, “அண்ணே, பத்து நிமிஷத்துல ஊசியோட வரேன்” என்று சொல்லிவிட்டு, அந்தப் பத்தாவது நிமிடத்தில் போய்விடுங்கள். ஆனால் மாலையில் அடங்கியிருந்த வலி இப்போது திடீரென்று கூடியிருக்கிறது, வயிறு பலகை போல இறுகியிருக்கிறது என்றால் அவர் வரிசையில் மேலேறி வருவார்.

மேசையில் இருக்கும் ரத்தப் பையை மறந்துவிடவில்லை. வங்கியிலிருந்து வந்த பையை 30 நிமிடத்துக்குள் தொடங்கி, நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்; தொடங்கிய முதல் 15 நிமிடம் நீங்கள் அந்தக் கட்டிலை விட்டு நகரக் கூடாது. ஆகவே டியூட்டி மாறும் நேரத்தில் பை வந்து சேராதபடி திட்டமிடுவதே சரி. அந்தக் கால் மணி நேரம் உங்களுக்குக் கிடைக்கும் என்று தெரிந்த பிறகு ஆளை வங்கிக்கு அனுப்புங்கள். வந்தே விட்டது என்றால், கூட இருக்கும் சிஸ்டரிடம் அதை ஒப்படைத்துவிட்டுச் சுற்றுக்குப் போங்கள். தனியாக இருந்தால், பெரியவரையும் மீனவரையும் பார்த்து முடித்தவுடன் பைக்குத் திரும்புங்கள்.

எட்டு மணி மருந்துகளிலும் இதே கணக்கு உண்டு. கிருமித்தொற்று ரத்தத்தில் பரவியவருக்கு முதல் ஆன்டிபயாடிக், வலிப்பு மருந்து, இன்சுலின் ஆகியவை நேரத்துக்குக் கட்டுப்பட்டவை. வைட்டமின் மாத்திரை ஒரு மணி நேரம் பிந்தினால் ஒன்றும் ஆகாது.

நான்காம் படி: சொல்லும் சொல்லைக் கேளுங்கள்

வடசென்னையில் நெஞ்சுவலி பெரும்பாலும் நெஞ்சுவலி என்ற பெயரில் வராது. “வாய்வு புடிச்சிக்கிச்சு சிஸ்டர்”, “நெஞ்சு கரிக்குது”, “ஒரு மாதிரியா கீது”, “பேஜாரா கீது” என்றுதான் வரும். சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு வலியே இல்லாமல், வியர்வையாகவோ மூச்சிரைப்பாகவோ வாந்தியாகவோ மட்டும் வரலாம். வாய்வு என்று சொல்பவருக்கு ஜெலுசில் கொடுக்கும் முன் ஒரு ஈசிஜி. பத்து நிமிடத்துக்குள் எடுத்து, மருத்துவர் கண்ணில் காட்டிவிட வேண்டும்.

“எங்க வூட்டுக்காரரு இப்படிப் பேசவே மாட்டாரு” என்று மனைவி சொன்னால், அதைப் புகாராக எண்ணாமல் பரிசோதனை முடிவைப் போலக் குறித்துக்கொள்ளுங்கள். அவருடைய பழைய நிலை நமக்குத் தெரியாது. அந்த அம்மாவுக்குத் தெரியும். திடீரென்று குழம்பி, ட்ரிப்ஸைப் பிடுங்கி, கட்டிலை விட்டு இறங்க முயல்பவரின் கையைக் கட்டும் முன்பு சாட்சுரேஷனையும் சுகரையும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால், அவர் கடைசியாகக் குடித்தது எப்போது என்று கூச்சமில்லாமல் கேளுங்கள்; குடியை நிறுத்திய இரண்டாம், மூன்றாம் நாளில் வரும் நடுக்கமும் இல்லாததைக் காண்பதும் உயிரைப் பறிக்கக்கூடிய நிலைகள்.

அடங்கிய நாடியை நம்பும் முன்பு மருந்துச் சீட்டைப் பாருங்கள். அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்ற, நாடித்துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகளைச் சாப்பிடுபவருக்கு உள்ளே ரத்தம் கசிந்தாலும் நாடி வேகமெடுக்காமல் இருக்கலாம்.

ஆலைகள் சூழ்ந்த பகுதி என்பதால் ஒரே நேரத்தில் பலர் வரும் இரவும் இங்கே உண்டு. 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது மக்கள் மூச்சுத்திணறலும் கண்ணெரிச்சலுமாக மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பது இத்தகைய நேரத்துக்குத்தான். கண்ணைக் கசக்கி அழுபவர்கள் கூட்டமாக இருப்பார்கள். அவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கண்ணைத் தொடர்ந்து கழுவும் வேலையை உடனே உதவியாளர்களிடம் கொடுத்துவிடுங்கள். உங்கள் கண் தேட வேண்டியது குரல் கம்மியவரை. குரல் மாறுவதும் மூச்சு இழுக்கும்போது கீச்சென்ற ஒலி வருவதும் தொண்டைக்குள் வீக்கம் ஏறுகிறது என்பதன் அடையாளம். சற்று நேரத்தில் பாதையே அடைத்துப் போகலாம்.

ஐந்தாம் படி: மருத்துவரைக் கூப்பிடுதல்

இரவு இரண்டு மணிக்கு ஹவுஸ் சர்ஜனை (பயிற்சி மருத்துவரை) எழுப்பத் தயங்காத புதிய செவிலியரை நான் பார்த்ததில்லை. தயக்கத்தில், “சாரி டாக்டர், அந்தப் பேஷன்ட் கொஞ்சம் டல்லா இருக்காரு” என்று தொடங்கினால், “சரி, அப்சர்வ் பண்ணுங்க” என்ற விடைதான் கிடைக்கும். நிலைமை, பின்னணி, மதிப்பீடு, வேண்டுகோள் என்ற நான்கு பகுதி முறை அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிக் கப்பல்களில் தோன்றி மருத்துவமனைகளுக்கு வந்தது. எஸ்பார் என்று படித்திருப்பீர்கள். நம் வார்டு மொழியில் அது இப்படி இருக்கும்:

“டாக்டர், ஆண்கள் மெடிக்கல் வார்டு ஸ்டாஃப் பேசறேன். பதினாலாம் பெட் டெங்கு பேஷன்ட்டுக்கு பீபீ 100/80, பல்ஸ் 104, கை கால் சில்லுனு இருக்கு. அஞ்சாம் நாள், காலையில இருந்து ஃபீவர் இல்ல, வயித்து வலி இருக்கு, ஆறு மணியில இருந்து யூரின் போகல. ஷாக்குக்குப் போறாருன்னு நினைக்கிறேன். இப்பவே நேர்ல வந்து பாருங்க. வர்றதுக்குள்ள ஹீமட்டோகிரிட் அனுப்பட்டுமா, ஃப்ளூயிட் எவ்வளவு ஆரம்பிக்கட்டும்?”

நான்காவது பகுதிதான் நம்மவர்கள் விழுங்கிவிடுவது. என்ன வேண்டும் என்பதைச் சொல்லாமல் வைக்காதீர்கள். தொலைபேசி ஆணையைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்து எழுதுங்கள். அவர் வரவில்லை என்றால் முதுநிலை மாணவர், அவருக்கும் மேல் பணிநேர உதவிப் பேராசிரியர், உங்கள் பக்கத்தில் இரவு மேற்பார்வைச் செவிலியர் என்று மேலே போங்கள். ஒவ்வோர் அழைப்பின் நேரத்தையும் குறியுங்கள். இதை யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும்.

மருத்துவர் வரும்வரை கட்டிலை விட்டுப் போகாதீர்கள். தலைப்பக்கம் உயர்த்துவது, ஆக்சிஜன், நல்ல சிரை வழி ஒன்று, ரத்த மாதிரி, பக்கத்தில் சக்‌ஷன் என்று செய்ய நிறைய இருக்கிறது. பீபீ இறங்கிக்கொண்டிருப்பவரை மட்டும் நிமிர்த்தாமல் படுக்க வையுங்கள். மற்றக் கட்டில்களை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டியிருக்கும். மாதிரியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோவது, நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது ஆகியவற்றை உதவியாளரிடம் கொடுக்கலாம். ட்ரிப்ஸின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதை அட்டெண்டரிடம் கொடுக்கக் கூடாது. நடைமுறையில் எங்கும் கொடுக்கிறோம் என்பது எனக்கும் தெரியும், இருந்தாலும் கூடாது.

ஆறாம் படி: திரும்பிப் போய்ப் பார்த்தல், எழுதுதல்

செய்ததோடு வேலை முடியவில்லை. சுகர் கொடுத்தவரிடம் 15 நிமிடத்தில், வலி ஊசி போட்டவரிடம் அரை மணி நேரத்தில், நெபுலைசர் வைத்தவரிடம் அது முடிந்தவுடன் திரும்புங்கள். திரவம் வேகமாக ஏற்றியவரின் மூச்சை மறுபடி எண்ணுங்கள். கூடியிருந்தால் நுரையீரலில் நீர் சேர்கிறதா என்ற கேள்வி எழ வேண்டும். இந்த ஒவ்வொரு திரும்புதலும் உங்கள் தாளில் உள்ள வரிசையை மாற்றும். எட்டரை மணிக்குப் போட்ட வரிசை பத்து மணிக்குச் செல்லாது. வலிக்காரர் தூங்கியிருப்பார், நீங்கள் நினைத்தே பார்க்காத ஒன்பதாம் கட்டில் முதலிடத்துக்கு வந்திருக்கும்.

இதெல்லாம் முதல் மாதத்தில் மெதுவாகத்தான் வரும். தொடக்கநிலைச் செவிலியர் விதியைப் பிடித்துக்கொண்டு நடப்பார், தேர்ந்தவர் முழு நிலைமையையும் ஒரே பார்வையில் காண்பார் என்று அமெரிக்கச் செவிலியர் அறிஞர் பாட்ரிசியா பென்னர் 1984-ல் எழுதினார். அந்தப் பார்வை தானாக வருவதில்லை. டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், இன்று யாரை முதலில் பார்த்தேன், அது சரியா, எந்த அடையாளத்தைத் தவறவிட்டேன் என்று ஒரே ஒரு நோயாளியைப் பற்றி மட்டும் நினைத்துப் பாருங்கள், போதும்.

நோட்டில் “நிலை திருப்தி, உறக்கம் நன்று” என்று எழுதாதீர்கள். “2.10: பீபீ 100/80, கை சில்லிப்பு. 2.15: பணி மருத்துவரிடம் தொலைபேசியில் தெரிவிக்கப்பட்டது. 2.35: மருத்துவர் வந்தார், திரவம் தொடங்கப்பட்டது. 3.35: பீபீ 110/70, சிறுநீர் 40 மில்லி” என்று எழுதினால், காலையில் வருபவருக்கு அந்த நோயாளி எந்தத் திசையில் போகிறார் என்பது தெரியும். அவசரத்தில் எழுத முடியாமல் போனதைப் பிறகு எழுதும்போது, எழுதும் நேரத்தையும் நடந்த நேரத்தையும் தனித்தனியாகக் குறித்து, தாமதக் குறிப்பு என்று மேலே எழுதிக் கையெழுத்திடுங்கள். காலை சிஸ்டர் வந்ததும் பதினாலாம் கட்டிலுக்கு அவரை அழைத்துப் போய், அவர் கையாலேயே அந்த மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.